சுன்னாகத்துக் கிணறுகளும் துப்புரவு ஒப்பந்தமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறில்லை. மாரிகாலத்திலே தெல்லிப்பளைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் திரண்டு, கந்தரோடை வழியே சென்று அராலிக் கடலிற் கலக்கும் வழுக்கையாற்றை ஆறென அழைப்பது ஊர்ப் பற்றினால் வந்த வழக்கு. தை பிறந்து சில கிழமைகளில் அதன் படுகையில் மாடு மேயும். ஆதலின் இந்நாட்டின் வரலாறு ஆற்றங்கரை நாகரிகத்தின் வரலாறன்று. கிணற்றங்கரை நாகரிகத்தின் வரலாறு. ஒரு நூற்றாண்டுக்கு முன் போல் பீரிஸ் என்பார் அகழ்ந்து காட்டிய கந்தரோடைத் தொல்குடியிருப்பு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அத்துணைக் காலமும் அங்கு மக்கள் வாழ்ந்தமைக்குக் காரணம், அவ்வயலிலே நிலத்தைத் தோண்டினால் நன்னீர் கிடைத்தமையே.

அந்த நிலத்தடி நீருக்கு எமது காலத்தில் நேர்ந்த கேட்டையும், அதனைத் துப்புரவு செய்யும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்ற வினா எழுந்து இன்னும் முற்றுப்பெறாமல் நிற்கும் வரலாற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

முதலில் நீரின் இயல்பை அறிதல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அக்கல்லைக் கரைத்துக் கரைத்து வெடிப்புகளையும் பொந்துகளையும் குகைகளையும் ஆக்கியுள்ளது. நிலாவரைக் கேணியும் கீரிமலை ஊற்றும் அக்கரைசலின் வெளிப்பட்ட வாய்களே. சுன்னாகம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரும் நிலத்தடி நீர்த்தேக்கங்களை அறிஞர் வகுப்பர். அவற்றுள் வலிகாமத்தின் கீழுள்ள சுன்னாகத் தேக்கம் தலையாயது. இந்நன்னீர் கடலுவர் நீரின் மேல் ஒரு வில்லை போல் மிதக்கின்றது. ஒல்லாந்தராகிய கைபனும் செர்மனியராகிய ஹேர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்டறிந்த விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழ் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடியை உவர் விழுங்கும். எமது முன்னோர் இவ்விதியைப் படித்தவரல்லர். ஆயினும் துலாவாலும் பட்டையாலும் அளவறிந்து இறைத்தனர்.

இவ்வமைப்பில் நாம் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று. கிணறுகள் பல, நீர் ஒன்று. வேலிகள் காணிகளைப் பிரிக்கும், ஊற்றுக்கண்களைப் பிரிக்கா.

இத்தகைய நிலத்தின் மேலே, காங்கேசன்துறை வீதியும் புகையிரதப் பாதையும் அருகருகே செல்லும் சுன்னாகத்தில், 1958ஆம் ஆண்டில் அரசின் அனல் மின்னிலையம் அமைந்தது. அக்காலத்தில் அது பெருமைக்குரிய நிகழ்ச்சி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு அடுத்தபடியாகக் குடாநாட்டுக்கு வாய்த்த பெருந்தொழில் நிலையம் அதுவே. தீசல் எரித்து மின்னாக்கும் நிலையத்திலே எரிபொருள் ஒருபுறம் வரும். கழிவெண்ணெயும் எண்ணெய் கலந்த சேறும் மறுபுறம் சேரும். வருவதை அளந்து பதிவு செய்வதற்கு ஏடு உண்டு. சேர்வதை அளப்பதற்கு அக்காலத்தில் எந்நாட்டிலும் பெரும்பாலும் ஏடில்லை. வளவின் மூலையிலே ஒரு குழி இருக்கும். இது சுன்னாகத்தாரின் குறை மட்டுமன்று, அந்நூற்றாண்டின் பொதுப் பழக்கம்.

போர்க்காலம் அந்நிலையத்தையும் விட்டுவைக்கவில்லை. தேசிய மின்வழியோடு இருந்த தொடர்பு அறுந்தபின் குடாநாடு இருளில் ஆழ்ந்தது. அப்போது மண்ணெண்ணெய் விளக்கொளியிற் படித்துப் பரீட்சை எழுதிய மாணவருள் யானும் ஒருவன். ஆதலால் மின்சாரத்தை வேண்டாப்பொருள் என இகழ்பவனல்லன். பின்னர் இலங்கை மின்சார சபை தானே மின்னாக்குவதோடு அமையாது, தனியார் நிறுவனங்களிடம் மின்னை விலைக்கு வாங்கத் தலைப்பட்டது. அவ்வகையில் நொதேர்ன் பவர் என்னும் நிறுவனம் சுன்னாகத்திலே அனல் மின்னிலையம் ஒன்றை அமைத்து நடத்தியது. 2013ஆம் ஆண்டில் சபையின் சொந்த நிலையமாகிய உத்துரு ஜனனியும் அங்கே இயங்கத் தொடங்கிற்று. ஆக, ஒரே வட்டாரத்தில் பழைய அரச நிலையத்தின் எச்சம், தனியார் நிலையம், புதிய அரச நிலையம் என மூன்று தலைமுறைகள் அடுக்காயின. எவரது எண்ணெய் எவரது நிலத்தில் எக்காலத்தில் ஊறிற்று என்ற வழக்குக்கு வித்து இவ்வடுக்கிலேயே உண்டு.

சுன்னாகம், மல்லாகம், ஏழாலை முதலிய ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் மிதக்கின்றது, நீர் நாறுகின்றது என்ற முறைப்பாடு மெல்லத் தொடங்கிப் பெருகியது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013-2014 காலத்தில் அப்பகுதியின் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில், அதாவது நூற்றுக்கு 73 வீதமானவற்றில், எண்ணெயும் கொழுப்பும் இலங்கைத் தரத்துக்கு மேற்பட்ட அளவில் இருந்தன. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் மறியல் செய்தனர், உண்ணாநோன்பிருந்தனர், மாணவர் வீதிக்கு வந்தனர். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் தனியார் நிலையம் இயக்கம் நின்றது. தெருச் சந்திகளிலே கறுப்பு நிறப் பிளாஸ்ரிக் தாங்கிகள் வைக்கப்பட்டுப் பௌசர்கள் மூலம் நீர் நிரப்பப்பட்டது. கிணற்றடியிலே பிறந்து வளர்ந்த மக்கள் குடத்தோடு சந்தியில் வரிசை நின்ற காட்சி, கண்டவர்க்கு எளிதில் மறவாது.

இவ்வேளையில் மக்களைக் கிணற்றைவிட அதிகமாகக் கலக்கியது அறிஞரின் கருத்து வேற்றுமை. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, நீரிலே ஊறு விளைக்கும் அளவிற் பெற்றோலிய நச்சுப்பொருள்கள் இல்லை என்னும் கருத்தை வெளியிட்டது. ஒரு சாரார் எண்ணெய் உண்டென்றனர். மறு சாரார் நஞ்சு இல்லையென்றனர். யார் பொய்யர் என்று ஊர் கேட்டது. உண்மையில் இரு கூற்றும் ஒருங்கே மெய்யாதல் கூடும் என்பதை விளக்கிச் சொல்வார் அன்று அரியர். எண்ணெய்-கொழுப்புச் சோதனையானது கரைப்பான் கொண்டு நீரிலிருந்து பிரியும் நெய்த்தன்மையுள்ள யாவற்றையும் ஒருங்கே நிறுப்பது. அது அளவைச் சொல்லும், இனத்தைச் சொல்லாது. பென்சீன், தொலுயீன் முதலியவற்றைத் தேடும் சோதனையோ இனத்தைச் சொல்லும். ஆனால் அவை எளிதில் ஆவியாவன. பல காலம் மண்ணிற் கிடந்த பழைய எண்ணெயில் அவை போய்விட்டிருக்கும், பாரமான பகுதி எஞ்சியிருக்கும். அன்றியும் எண்ணெய் நீரின் மேல் மிதப்பது. வாளியின் மேற்பரப்பில் அள்ளிய நீருக்கும் அடியில் அள்ளிய நீருக்கும் விடை வேறாகும். மாரியில் நீர்மட்டம் உயருங்கால் வெடிப்புகளில் ஒட்டியிருந்த எண்ணெய் மேலெழும்; கோடையில் மட்டம் தாழ, எண்ணெய் கல்லிலே தங்கும். வெடிப்பு செல்லும் திசையே மாசு செல்லும் திசையாதலால் ஒரு வீட்டுக் கிணறு நாற, வேலிக்கு அப்பாலுள்ள கிணறு தெளிந்திருத்தலும் உண்டு. ஆக, எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், எச்சோதனையால் என்று கூறாத விடை விடையாகாது.

ஈண்டு ஒன்றை மறையாமற் கூறவேண்டும். எமது தோட்டங்களிற் கொட்டிய உரத்தினால் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளமையைப் போருக்கு முன்னரே ஆய்வாளர் எடுத்துக் காட்டினர். அக்குற்றத்தில் நாம் எல்லோரும் பங்காளிகள். ஆயினும் அது இதற்கு விடையாகாது. ஒரு நோயுள்ளவனுக்கு மற்றொரு நோயைக் கொடுப்பது குற்றமன்று என எந்த வைத்தியனும் சொல்லான்.

சூழலியலாளர் கலாநிதி இரவீந்திர காரியவசம் இவ்விடயத்தை அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு 2019 ஏப்பிரல் 4ஆந் திகதி வெளியாயிற்று. பழைய அரச நிலையத்தின் கழிவும் ஏனையோரின் கழிவுமே காரணம் என்னும் எதிர்வாதம் எடுத்துக் கூறப்பட்டது. எனினும் நீர் வழங்கல் சபையின் ஆய்வு முதலியவற்றை ஆதாரமாகக் கொண்டு, மாசுக்கு நொதேர்ன் பவர் பொறுப்புடையது என நீதிமன்றம் கண்டது. மாசுபடுத்தியவனே செலுத்த வேண்டும் என்னும் கொள்கையைத் தழுவி, இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. அனுமதி வழங்கலிலும் கண்காணிப்பிலும் அரச நிறுவனங்கள் நடந்துகொண்ட முறையையும் அது விரிவாக ஆராய்ந்தது. இலங்கைச் சுற்றாடல் நீதி வரலாற்றிலே எப்பாவல பொஸ்பேற்று வழக்குக்குப் பின் இத்துணைச் சிறப்புடைய தீர்ப்புகள் மிகச் சிலவே. குடாநாட்டு ஏழைக் குடியானவனின் கிணற்றுக்காகக் கொழும்பிலே நாட்டின் அதியுயர் நீதிமன்றம் நுணுகி நுணுகி எழுதிய தீர்ப்பு அது என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

ஆயினும் கணக்கைப் பார்ப்போம். அவ்விரண்டு கோடியும், கிணறொன்றுக்கு நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேற்படாது, ஐந்நூறு கிணறுகள் வரை பங்கிடற்குரியது. ஐந்நூற்றை நாற்பதாயிரத்தாற் பெருக்கின் இரண்டு கோடி வரும், கணக்குச் சரி. இது இழப்பின் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்யும் தொகை என்றே நீதிமன்றமும் கூறியது. முழு ஈடு என்று கூறவில்லை. நீதிமன்றத்தைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. மனுதாரர் கேட்டதையும் தன் கையில் உள்ள அதிகாரத்தையும் கொண்டு அது செய்யத்தக்கதைச் செய்தது. ஆனால் அக்கணக்கின் அலகு கிணறு. மாசுற்றதன் அலகோ தேக்கம்.

வேறுபாடு யாதெனில், ஆவணி புரட்டாதியில் நீர் அடியோடு வற்றும் காலத்திலே கிணறு இறைத்துச் சேறு அள்ளும் வழக்கத்தை நினைக. எனது பாட்டனார் காலத்தில் அது ஊர் கூடிச் செய்யும் வேலை. இருவர் உள்ளே இறங்கிக் கடகத்திற் சேற்றை நிரப்ப, மேலே நிற்போர் கயிற்றால் இழுப்பர். மறுநாட் காலையில் ஊற்றுக்கண் திறந்து பளிங்கு போல நீர் நிற்கும். ஏன்? கிணற்றிலே அழுக்கு இருந்தது, ஊற்றிலே இல்லை. ஊற்றே அழுக்கை ஏந்தி வருமாயின், இறைக்க இறைக்கப் புதிய அழுக்கை அழைப்பதாகவே முடியும். நாற்பதாயிரம் ரூபாவால் கிணற்றைத் துலக்கலாம். கிணற்றுக்கு நீர் தரும் கல்லைத் துலக்குதல் வேறு வகையான வேலை; அதற்கு வேறு வகையான வேலையாள் வேண்டும்.

அவ்வேலை எத்தகையது? முதலில், சுற்றிலும் துளைக்கிணறுகள் இட்டு நீரோட்டத்தின் திசையையும் எண்ணெய்ப் படையின் கனத்தையும் அறிதல். இரண்டாவது, மூலத்தை அகற்றல்: கழிவுக் குழியையும் அதனைச் சூழ்ந்த மண்ணையும் தோண்டி எடுத்து, உரிய உலையில் எரித்தல். இலங்கையில் அபாயக் கழிவுகளை மிகுந்த வெப்பத்தில் அழிக்கும் வசதி புத்தளம் சீமெந்து ஆலைச் சூளையை ஒட்டி அமைந்தது. மூன்றாவது, மிதக்கும் எண்ணெயை உறிஞ்சியும், நீரை மேலே இறைத்துச் சுத்திகரித்தும், நுண்ணுயிர்கள் எண்ணெயை உண்ணுமாறு காற்றூட்டியும் எஞ்சியதைக் குறைத்தல். இறுதியாக, மாரியும் கோடையுமாகப் பல ஆண்டுகள் அளந்துகொண்டிருத்தல். மணற் பாங்கான நிலத்திலேயே இது கடினம். வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக் கல்லிலோ கடினத்திலும் கடினம். இறைக்கும் வேகம் கூடினால் கீழிருந்து உவர் எழும் என்ற அச்சமும் எமக்குத் தனியாக உண்டு.

இவ்வேலைக்கு யார் பொறியியலாளரை அமர்த்துவது? வினாவின் வேர் இதுதான். 1980ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று எமது 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம். அது மத்திய சுற்றாடல் அதிகார சபையைத் தோற்றுவித்தது. பின்வந்த திருத்தத்தால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திர முறை வலுப்பெற்றது. மற்றது அமெரிக்காவின் ‘பெருநிதி’ச் சட்டம். நயாகரா அருவிக்கு அண்மையில் லவ் கால்வாய் என்னுமிடத்தில் புதைத்த இரசாயனக் கழிவின் மேல் வீடுகளும் பாடசாலையும் எழுந்து, 1978இல் குடிகள் வெளியேற்றப்பட்ட துன்பத்திலிருந்து பிறந்தது அது. எமது சட்டம் இனி மாசு செய்யாதே என அனுமதியாற் கட்டுப்படுத்தியது. அமெரிக்கச் சட்டமோ, ஏற்கெனவே மாசுற்ற நிலத்துக்கு ஒரு நிதியை ஒதுக்கி, அரசே முதலில் பொறியியல் நிறுவனத்தை அமர்த்தித் துப்புரவு செய்து, பின்னர் குற்றவாளியிடம் செலவை அறவிட வழி செய்தது. 1986இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, அரசின் சொந்த நிலையங்களும் அச்சட்டத்துக்குட்பட்டவையே எனத் தெளிவாக்கினர். எம்மிடம் அனுமதி வழங்குவோர் இருந்தனர், நீதிபதியும் இருந்தார். துப்புரவு வேலையைக் கையேற்று ஒப்பந்தம் எழுதும் ஒருவர் சட்டத்தில் அவ்வாறு இடம்பெறவில்லை.

ஒப்பந்தம் எழுதினாற் போதுமா எனின், போதாது. பொறியியலாளரைத் தெரிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட புறூக்ஸ் சட்டம், கூட்டாட்சி அரசின் பொறியியற் சேவைகளுக்கு முதலில் தகுதியை வரிசைப்படுத்தி, அதன்பின்னரே கூலியைப் பேச வேண்டுமென விதித்தது. வீதிக்குக் கல் வாங்குவோர் குறைந்த விலைக் கேள்விப் பத்திரத்தைத் தெரியலாம், கல் கல்லே. நிலத்தின் நோயை ஆராய்வோனைக் குறைந்த விலைக்குத் தெரிந்தால் அவன் பத்துத் துளையிட வேண்டிய இடத்தில் மூன்று இடுவான். மூன்று துளையிற் காணாத எண்ணெய் அறிக்கையிலும் இராது. இன்னும், துப்புரவு செய்தவனே துப்புரவாயிற்று எனச் சான்று கொடுத்தலாகாது. தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்ளும் மாணவனை எந்தப் பள்ளியும் ஏற்பதில்லை.

பெருநிதியுடைய நாட்டிலும் இடர் இல்லாமலில்லை. அமெரிக்க அரசு 1944 முதல் அணுகுண்டுக்குப் புளுத்தோனியம் ஆக்கிய ஹன்போர்டு நிலையத்தில், 177 நிலக்கீழ்த் தாங்கிகளில் ஏறத்தாழ 5 கோடி 60 இலட்சம் கலன் கதிர்வீச்சுக் கழிவு தேங்கியது. துப்புரவுக்கான உடன்படிக்கை 1989இல் எழுந்தது. கழிவைக் கண்ணாடியாக உருக்கி உறைவிக்கும் ஆலையை அமைக்க 2000ஆம் ஆண்டில் பெக்டெல் நிறுவனத்தை அமர்த்தினர். அவ்வாலை கழிவை உருக்கத் தொடங்குவதற்கு 2025 ஆயிற்று. அளவறியாத வேலைக்கு விலை குறித்தல் எத்துணை அரிது என்பதற்கு அது சான்று.

எமக்கு அண்மையிலுள்ள போபாலைப் பார்த்தல் மேலும் பயன்தரும். 1984 டிசெம்பரில் நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற யூனியன் கார்பைட் ஆலையின் நிலம் 1998இல் மத்தியப் பிரதேச அரசின் கைக்கு மீண்டது. அன்று முதல் அது அரசின் நிலம், கழிவும் அரசின் கழிவு. செர்மனிக்கு அனுப்பி எரிக்கும் திட்டம் 2012இல் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. இறுதியில் உயர்நீதிமன்றத்தின் கண்டிப்பான கட்டளைக்குப் பின், 2025 சனவரித் தொடக்கத்தில் 337 தொன் கழிவு பன்னிரண்டு கொள்கலன்களில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பீதாம்பூருக்கு ஏற்றப்பட்டது. அங்கே தனியார் நிறுவனம் ஒன்றின் உலையில் அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் எரித்து முடித்தனர். பீதாம்பூர் மக்கள் தம் ஊருக்கு அது வருவதை எதிர்த்து எழுந்ததும் நியாயமே. ஆயினும் அவ்வொப்பந்தம் தொட்டது சாக்குகளிலும் பீப்பாக்களிலும் கிடந்ததை மாத்திரம். ஆலை வளவில் மாசுற்ற மண் 11 இலட்சம் தொன் என 2010இல் இந்திய ஆய்வு நிலையங்கள் கணித்திருந்தன. முந்நூற்று முப்பத்தேழு எங்கே, பதினொரு இலட்சம் எங்கே! எண்ணக்கூடியதற்கே ஒப்பந்தம் எழுதுகின்றோம். சுன்னாகத்தில் எண்ணக்கூடியதாக இருந்தது கிணறு; போபாலிலே பீப்பா.

சுன்னாகத்தில் அரசு ஒரே வேளையில் நான்கு வேடம் பூண்டிருந்தது. மின்னை வாங்கியவன், தானும் மின்னாக்கியவன், அனுமதி கொடுத்தவன், குடிநீர் வழங்கக் கடமைப்பட்டவன் என்பன அவை. தனியார் நிறுவனம் தன் பங்குக்குரிய தொகையைச் செலுத்தினாலும், 1958 தொட்டு அவ்வட்டாரத்தில் ஊறியதன் எஞ்சிய பொறுப்பை வேறெவர் மேலும் சுமத்தல் இயலாது. மின்னலகுக்கு இத்துணை சதம் என ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, நிலையம் மூடும் நாளில் மண்ணை எந்நிலையில் ஒப்படைத்தல் வேண்டும், அதற்குப் பிணைப்பணம் எவ்வளவு, அளப்பவர் யார் என்ற மூன்று வினாவும் எழுதப்பட்டிருந்தால், ஏழாலைப் பெண்கள் சந்தியிலே குடத்தோடு நின்றிருக்க மாட்டார்கள் என்பது எமது துணிபு.

நிலையம் நின்றபின் எண்ணெய் தானே குறையும், நுண்ணுயிர் உண்ணும், மழை கழுவும் என்று கூறுவாரும் உளர். ஓரளவு அது உண்மை. ஆனால் குறைந்தது என்று சொல்வதற்கும் அளந்திருக்க வேண்டும். அளப்பதற்கான தொடக்கம் எம்மிடம் இல்லாமலில்லை. 2013-2014இல் நீர் வழங்கல் சபை சோதித்த 150 கிணறுகளின் பட்டியல் உண்டு. அவற்றுட் பழுதுற்றவை 109 என்ற எண்ணும் உண்டு. நாளை ஒரு பொறியியல் நிறுவனத்தை அமர்த்த முற்படுவோர், தாம் எழுதும் கேள்விப் பத்திரத்தின் முதற் பக்கத்திலே இணைக்க வேண்டிய படம் அந்தக் கிணறுகளின் படமே. அதே கிணறுகளில், மாரி பெய்து நீர் உயர்ந்த மார்கழியில் ஒருமுறையும் வற்றிய ஆவணியில் ஒருமுறையும், மேலிருந்தும் அடியிலிருந்தும் நீரெடுத்துப் பார்த்தல் அவர்களது முதல் வேலையாகும்.